‘அருமை’ என்று எழுதிவிட்டு நகராமல் இலக்கியம் பேசுவது எப்படி?

இலக்கியம் பேசும் இணையக் குழு ஒன்றில் நீங்கள் சேர்ந்து நான்கு நாள் ஆகிறது. யாரோ ஒரு கவிதையைப் பகிர்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் அதன் கீழே கைகூப்பும் படங்கள், ‘அருமை’, ‘மிக அருமை’, ‘அருமை ஐயா’. அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்த இடம் படித்தவரைத் தொட்டது என்று எழுதியவருக்குத் தெரியவில்லை. பாராட்டியவருக்கோ அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. நானும் ஓராண்டுக்குக் குறையாமல் இப்படி ‘அருமை’ போட்டுக்கொண்டிருந்தவன்தான். படிக்காமல் போட்டதில்லை, படித்துவிட்டுத்தான் போட்டேன். பிடித்திருந்தது, ஏன் பிடித்தது என்று சொல்லும் பழக்கம்தான் இல்லை. பள்ளியில் கற்றதெல்லாம் ‘நயம் பாராட்டுக’ என்ற வினாவுக்கு எதுகை, மோனை, இயைபு என்று பட்டியல் போடுவது மட்டுமே.

புதிதாக வருபவருக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றே ஒன்று: எதைச் சொன்னாலும் படைப்பில் உள்ள ஒரு வரியையோ ஒரு சொல்லையோ தொட்டுச் சொல்லுங்கள். அதற்குக் கோட்பாடு தெரிய வேண்டியதில்லை, ஆயிரம் நூல் படித்திருக்கவும் வேண்டியதில்லை. வரியைக் காட்டினால் எதிரில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ கிடைக்கிறது. அவர் ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், ‘எனக்கு அதற்கு அடுத்த வரிதான்’ என்று சொல்லலாம். பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

முதல் வாரம்: ஓரமாக நின்று பாருங்கள்

சேர்ந்த உடனே எழுத வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஒரு வாரம் பழைய பேச்சுகளைப் படியுங்கள். குழுவின் மேற்பகுதியில் விதிகள் குத்தி வைக்கப்பட்டிருந்தால் அவற்றை முழுமையாகப் படியுங்கள். சில குழுக்களில் சொந்தக் கவிதைக்குத் தனி நாள் உண்டு. சிலவற்றில் அதற்கு இடமே இல்லை. சில குழுக்கள் மரபுக்கவிதைக்கு மட்டும். அங்கே போய்ப் புதுக்கவிதை இட்டால் யாராவது தளை தட்டுகிறது என்பார், உங்களுக்கு என்ன தட்டியது என்றே புரியாது (தளை என்பது மரபுக்கவிதையில் சீர்கள் ஒன்றோடொன்று இணையும் முறை). குரல் பதிவு அனுப்புவதை விரும்பும் குழுவும் உண்டு, வெறுக்கும் குழுவும் உண்டு. ஆறு நிமிடக் குரல் பதிவை எல்லோரும் கேட்பார்கள் என்று நம்புவது மட்டும் எந்தக் குழுவிலும் நடக்காது.

யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் மாணவர்களை வகை பிரிக்கிறார்: அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் இடைத்தரம், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைத்தரம். ஆடு ஒரு செடியிலும் வயிறு நிரம்ப மேயாது. இங்கே ஓர் இலை, அங்கே ஓர் இலை. எருமை குளத்தில் இறங்கிக் கலக்கிவிட்டுத்தான் குடிக்கும். நெய்யரி என்னும் வடிகட்டி நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு வாரம் கவனித்தால் உங்கள் குழுவிலும் இவர்கள் அத்தனை பேரையும் அடையாளம் கண்டுகொள்வீர்கள். நான் எந்த வகை என்று கேட்காதீர்கள். நெடுநாள் ஆடாக இருந்தேன்.

அறிமுகம் எழுதும்போது நம்மவர்களுக்கு அவையடக்கம் தானாக வந்துவிடுகிறது. கம்பரே தன் காப்பியத்தின் தொடக்கத்தில், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அவர் சொன்னால் அழகு. ‘நான் ஒன்றும் தெரியாதவன், பிழை இருந்தால் பொறுத்தருள்க’ என்று நாமும் எழுதினால் படிப்பவருக்குப் பதில் சொல்ல அதில் எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வணக்கம். சிறுகதைகள் அதிகம் படிப்பேன். கவிதை படித்தால் பாதியில் வழி தவறிவிடுகிறேன், அதனால்தான் இங்கே வந்தேன். இப்போது படித்துக்கொண்டிருப்பது இன்ன நூல்.’ நான்கு வரி போதும். மூன்றாவது வரிக்கு நிச்சயம் ஒருவராவது பதில் சொல்வார். வீட்டு முகவரி, கைபேசி எண், பணியிடம் போன்றவற்றை அறிமுகத்தில் சேர்க்காதீர்கள். இலக்கியம் பேச அவை தேவைப்படாது.

கவிதையைப் பற்றிப் பேச

இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்கப்போகிறேன், ஏனென்றால் புதியவர்கள் தயங்குவது இங்கேதான். வெறும் கையால் முழம் போட முடியாது. எனவே இந்தக் கட்டுரைக்காக நானே நான்கு வரி எழுதியிருக்கிறேன். கவிதை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, பாடம் நடத்தப் போதும்.

மழை நின்ற பிறகும்
வாசலில் குடை
சொட்டிக்கொண்டிருக்கிறது.
உள்ளே யாரும் பேசவில்லை.

முதலில் வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு முறை. கண்ணால் ஓட்டும்போது நழுவிப் போவது நாவில் தட்டுப்படும். ‘சொட்டிக்கொண்டிருக்கிறது’ என்ற நீண்ட சொல் தனி வரியாக நிற்பதை வாய்தான் உங்களுக்குச் சொல்லும். சொட்டுவதைப் போலவே அது மெல்ல நகர்கிறது.

அடுத்து, யார் பேசுகிறார்கள், யாரிடம் என்று கேளுங்கள். இது நம் மரபிலேயே உள்ள கேள்வி. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளைச் சொல்லும்போது கூற்று, கேட்போர், களன் (இடம்), காலம் ஆகியவற்றையும் எண்ணுகிறது. சங்க அகப்பாடல்களின் கீழே ‘தோழி கூற்று’, ‘தலைவி கூற்று’ என்று குறிப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கவிஞர் வேறு, கவிதைக்குள் பேசுபவர் வேறு என்ற தெளிவை அந்தச் சிறிய குறிப்பு தந்துவிடுகிறது. மேலே உள்ள நான்கு வரியில் பேசுபவர் வாசலில் நிற்கிறாரா, வீட்டுக்குள் இருக்கிறாரா? வாசலில் நின்றால் உள்ளே போகத் தயங்குகிறார். உள்ளே இருந்தால் அந்த மௌனத்தில் அவருக்கும் பங்கு உண்டு. இரண்டும் வேறு வேறு கவிதைகள்.

மூன்றாவது, என்ன உணர்ச்சி என்பதற்குப் பெயர் கொடுங்கள். ‘அருமை’க்கு மாற்றாக நான் கண்டுபிடித்த சிறந்த கருவி இதுதான், அதுவும் ஈராயிரம் ஆண்டுப் பழமையானது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடுகள் எட்டு எனத் தொல்காப்பியம் சொல்கிறது. இளிவரல் என்பது இழிவாக உணர்தல், மருட்கை என்பது வியப்பு. கவிதையைப் படித்து முடித்ததும் இந்த எட்டில் எது என்று உங்களையே கேளுங்கள். குடைக் கவிதையில் எனக்கு அழுகை. குழுவில் வேறொருவர் அச்சம் என்பார்: உள்ளே ஏதோ நடந்திருக்கிறது, யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இருவரும் காரணம் சொல்ல வேண்டி வரும், காரணம் தேடி இருவரும் வரிக்குத்தான் திரும்ப வேண்டும்.

கடைசியாக ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதை எடுத்துவிட்டால் அல்லது மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ‘மழை நின்ற பிறகும்’ என்பதில் உள்ள ‘உம்’மை நீக்குங்கள். ‘மழை நின்ற பிறகு வாசலில் குடை சொட்டிக்கொண்டிருக்கிறது’ என்பது வெறும் செய்தி. ‘உம்’ வந்தவுடன் முடிந்திருக்க வேண்டிய ஒன்று முடியவில்லை என்ற பொருள் ஏறுகிறது. ‘யாரும் பேசவில்லை’ என்பதை ‘யாரும் இல்லை’ என்று மாற்றினால் வீடு காலியாகிவிடும், குடை யாருடையது என்ற கேள்வியும் போய்விடும்.

இத்தனையும் செய்த பிறகு நீங்கள் குழுவில் எழுத வேண்டியது மூன்றே வரி: ‘“பிறகும்” என்ற சொல்லில்தான் எனக்குக் கவிதை திறந்தது. உள்ளே நடந்த சண்டையும் மழையைப் போல நின்றுவிட்டது, ஆனால் இன்னும் சொட்டுகிறது என்று படித்தேன். வேறு யாருக்காவது வேறு மாதிரி பட்டதா?’ கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் வாசிப்பு தீர்ப்பாகிவிடும்.

புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே எழுதுங்கள், எங்கே புரியவில்லை என்பதைச் சேர்த்து. ‘கவிதை புரியவில்லை’ என்பது கதவைச் சாத்துவது. ‘மூன்றாவது வரி வரை வந்தேன், நான்காவதில் யார் பேசுகிறார் என்று தெரியாமல் நின்றுவிட்டேன்’ என்பது கை நீட்டுவது. எழுதியவருக்கும் பெரும்பாலும் இரண்டாவதுதான் பயன்படும்.

சங்கப் பாடல்கள் பேசப்படும் குழுவில் கூடுதலாக ஒரு சிறு தடை உண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பழைய பதிப்பில் பார்த்தால் முதல் வரி ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று இருக்கும். ‘யாரா’, ‘கியரோ’ என்று இரண்டு சொற்கள் எங்கும் இல்லை. இது சீர் பிரித்து அச்சிட்ட வடிவம். பொருளுக்காகப் பிரித்தால் ‘யார் ஆகியரோ’. புதியவர் பாதிப் பேர் இங்கேயே பயந்து ஓடிவிடுகிறார்கள். சந்தி பிரித்த வடிவம் இருக்கிறதா என்று குழுவில் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே பாடலின் கூற்றுக் குறிப்பையும் பாருங்கள். காதலின் கொண்டாட்டமாகவே எல்லோரும் பகிரும் அந்த ஐந்து வரி, தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு அவன் சொன்னது. செம்மண்ணில் பெய்த நீர்போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்பது அப்போது ஓர் ஆறுதல் மொழி ஆகிறது. பாடியவரின் இயற்பெயர் தெரியாததால் அந்த உவமையே அவர் பெயராகிச் செம்புலப்பெயனீரார் ஆனார் என்பதை நீங்கள் குழுவில் சொன்னால், அதற்கு மட்டும் ‘அருமை’ வாங்கிக்கொள்ளலாம்.

ஹைக்கூ பற்றி ஒரு வார்த்தை. தமிழில் அதைப் பற்றிப் பாரதியார் 1916இலேயே எழுதிவிட்டார். ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கு ஜப்பானிய மொழியின் ஒலி அளவுக்கு உரியது. தமிழ் எழுத்தையோ அசையையோ விரல் விட்டு எண்ணி, ‘ஆறு வந்துவிட்டது, இது ஹைக்கூ இல்லை’ என்று யாராவது சொன்னால் அந்த விவாதத்தில் இறங்காதீர்கள். மாலை முழுவதும் போய்விடும்.

மேற்கோள் காட்டும் முன்

ஒரு முறை நான் பாரதியின் வரி என்று நினைத்து நான்கு வரி இட்டேன். பத்து நிமிடம் கழித்து மூத்த உறுப்பினர் ஒருவர், ‘தம்பி, எந்தத் தலைப்பில் இருக்கிறது? தேடிப் படிக்க வேண்டும்’ என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் இரவு முழுவதும் தொகுப்பைப் புரட்டினேன், எங்கும் இல்லை. யாரோ எழுதி, பாரதியின் மீசையை மேலே வரைந்து, சுற்றுக்கு விட்ட வரி அது. மறுநாள் ‘தவறாகச் சொல்லிவிட்டேன், தேடினேன், இல்லை’ என்று எழுதினேன். அன்றிலிருந்து குழுவில் என் பேச்சுக்கு மதிப்புக் கூடியது என்பதுதான் வேடிக்கை.

சரிபார்ப்பது கடினமில்லை. நல்ல பதிப்புகளின் கடைசிப் பக்கங்களில் ‘பாட்டு முதற்குறிப்பு அகராதி’ என்று ஒன்று இருக்கும். பாடலின் முதற்சொல்லை அகர வரிசையில் தேடினால் பக்கம் கிடைக்கும். பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டமும் வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைக்கின்றன. குறள் என்றால் எண்ணைக் குறிப்பிடுங்கள், 1330இல் எது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் பரிமேலழகர் உரையிலும் மணக்குடவர் உரையிலும் குறள்களின் வரிசை சில இடங்களில் மாறும் என்பதை மனத்தில் வையுங்கள். சொல்லே மாறினால் அதற்குப் பெயர் பாடபேதம். ‘நீங்கள் தவறாக எழுதியிருக்கிறீர்கள்’ என்று பாய்வதற்கு முன், ‘உங்கள் பதிப்பில் என்ன பாடம் இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டால் பல சண்டைகள் வராமலே போகும்.

முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள். புறநானூற்று 192ஆம் பாட்டின் முதல் வரியான ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதை அறியாத தமிழர் இல்லை. அந்தப் பாட்டு 13 வரி. மலையில் பெய்த மழை பேராறாகிக் கல்லில் மோதி இரைய, அதில் மிதந்து செல்லும் புணையை (தெப்பத்தை)ப் போல உயிர் முறைவழிப் போகிறது என்று கணியன் பூங்குன்றனார் அதில் சொல்லிக்கொண்டு போகிறார். முழுப் பாட்டையும் ஒரு நாள் குழுவில் இட்டு, ‘முதல் வரிக்கும் இந்தப் புணைக்கும் என்ன தொடர்பு?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரம் பேசலாம்.

வரி உடைப்பைக் காப்பாற்றுங்கள். கைபேசியில் ஒட்டும்போது கவிதை உரைநடைபோல ஒரே பத்தியாகிவிடும். சிறிய திரையில் குறளின் முதலடி மடிந்து மூன்று வரியாகத் தெரியும். முதலடி நான்கு சீர், அடுத்த அடி மூன்று சீர் என்று தெரிந்தவர் சமாளிப்பார், புதுக்கவிதைக்கு அப்படி ஒரு துணை இல்லை. அனுப்பும் முன் ஒரு முறை பார்த்துச் சரிசெய்யுங்கள். குரல்வழித் தட்டச்சு ழகரத்தையும் னகரத்தையும் தன் விருப்பப்படி மாற்றிவிடும். ‘மனம்’ ‘மணம்’ ஆனால் கவிதையே வேறு.

பதிப்புரிமை பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டுகளுக்கு உரிமை தொடர்கிறது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அது 70. விமர்சனத்துக்காகச் சில வரிகளை எடுத்தாள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. வாழும் கவிஞரின் தொகுப்பையே படம் பிடித்துப் பக்கம் பக்கமாக இடுவது வேறு. குழுவில் யாராவது நூலின் திருட்டுப் பிரதியை அனுப்பினால் நன்றி சொல்லாமல் இருங்கள். ஆயிரம் பிரதி விற்பதற்கே திணறும் எழுத்தாளரின் வயிற்றில் அடிப்பதற்கு நன்றி எதற்கு?

நூல்களைப் பற்றி

கவிதையைவிட நாவலைப் பேசுவது எளிது என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: எல்லோரும் ஒரே பக்கத்தில் இருப்பதில்லை. பக்க எண் சொல்லாதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறும், மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினாலே மாறும். அத்தியாயத்தின் எண்ணையோ தலைப்பையோ சொல்லுங்கள். செய்தியின் முதல் வரியிலேயே ‘12ஆம் அத்தியாயம் வரை’ என்று போட்டுவிட்டால், அங்கே இன்னும் வராதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். கதையின் முடிவைப் போட்டு உடைத்துவிட்டு ‘அது முக்கியமில்லை, மொழிதான் முக்கியம்’ என்று தத்துவம் பேசுவோரை நான் மன்னிப்பதில்லை. முக்கியமா இல்லையா என்பதைப் படிப்பவர் தீர்மானிக்கட்டும்.

மொழிபெயர்ப்பு நூலானால் மொழிபெயர்த்தவரின் பெயரைச் சொல்லுங்கள். மூல மொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று நூலின் முன்பக்கங்களில் பாருங்கள். ‘இந்த எழுத்தாளரின் நடை கரடுமுரடாக இருக்கிறது’ என்று சொல்லும்போது நாம் பேசுவது யாருடைய நடையை என்று ஒரு கணம் யோசிப்பது நல்லது.

பாதியில் நிறுத்திய நூலைப் பற்றியும் பேசலாம், பாதியில் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டு. படிக்காத நூலைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். பின்னட்டைக் குறிப்பை வைத்துக்கொண்டு பேசுபவரை வாசகர்கள் மூன்றாவது வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிடிக்காத நூலைப் பிடிக்கவில்லை என்று சொல்ல முழு உரிமை உண்டு. அதற்கும் அதே வழிதான்: எந்த இடத்தில் உங்கள் நம்பிக்கை போயிற்று, எந்த உரையாடல் செயற்கையாகப் பட்டது என்று இடத்தைக் காட்டுங்கள்.

சொந்தக் கவிதையை எப்போது இடுவது?

சேர்ந்த அன்றே வேண்டாம். பிறருடைய ஐந்தாறு கவிதைகளுக்கு உருப்படியாகப் பதில் எழுதிய பிறகு இடுங்கள். அதற்குள் யார் எப்படிப் படிக்கிறார் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் இடாதீர்கள். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு ஒரு கவிதை என்று சபதம் எடுத்தவர்களுக்கு முதல் மாதத்துக்குப் பிறகு கைகூப்பும் படம் மட்டுமே கிடைக்கும்.

இடும்போது என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். ‘கடைசி இரண்டு வரி தேவையா என்று சந்தேகம்’ என்றால் அதற்குப் பதில் வரும். கவிதைக்குப் பின்னால் உள்ள கதையை முன்னுரையாக எழுதாதீர்கள். படிப்பவர் கவிதையை விட்டுவிட்டு உங்கள் துயரத்துக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார். குறை சொல்லப்பட்டால் அன்றைக்குப் பதில் எழுத வேண்டாம். ‘நன்றி, யோசிக்கிறேன்’ போதும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை விளக்காமல் விட்டுவிடலாம்.

பிறர் கவிதைக்கு நீங்கள் கருத்துச் சொல்லும்போது, அவர் கேட்டாரா என்று பாருங்கள். சிலர் பகிர்ந்து மகிழ மட்டுமே இடுகிறார்கள். கேட்டிருந்தால், உங்களைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று, தடுக்கி விழுந்த இடம் ஒன்று; இரண்டு போதும். அவர் கவிதையை நீங்களே திருத்தி எழுதிக் காட்டாதீர்கள். குடையை நான் எழுதினால் அதை உங்கள் குடையாக மாற்றிக் கொடுப்பதில் எனக்கு என்ன லாபம்?

விமர்சனம் என்றவுடன் தங்களை நக்கீரராக வரித்துக்கொள்ளும் சிலர் எல்லாக் குழுவிலும் உண்டு. அந்தப் பழங்கதையை அவர்களுக்கு நினைவூட்டலாம். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டைச் சுற்றி எழுந்த அந்த வழக்கு, பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற ஒரே பொருளைப் பற்றியது. எதிரில் இருந்தவரின் ஊரையோ படிப்பையோ நக்கீரர் இழுக்கவில்லை. பேச்சு ஆளின் மேல் திரும்பியதும் நீங்கள் செய்ய வேண்டியது, ‘எந்த வரியைச் சொல்கிறீர்கள்?’ என்று ஒரு முறை கேட்பது. அதற்கும் வரி வராவிட்டால் விலகிவிடுங்கள். குழுவை நடத்துபவர் பார்த்துக்கொள்வார்.

நிகழ்வுகள்

நூல் வெளியீடு, வாசிப்புக் கூட்டம், கவியரங்கம், ஆசிரியருடன் சந்திப்பு என்று பலவும் இப்போது இணையவழியே நடக்கின்றன. குழுவில் அறிவிப்பு இடும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் அழகான படத்தை மட்டும் அனுப்பி நிறுத்திவிடாதீர்கள். படத்தில் உள்ள எழுத்தைத் தேடவும் முடியாது, பார்வைக் குறைபாடு உள்ளவரின் கைபேசி அதை வாசித்துக் காட்டவும் தடுமாறும். தேதி, கிழமை, நேரம், பேசுபவர், பேசப்படும் நூல், முன்பதிவு வேண்டுமா, பதிவுசெய்யப்படுமா என்பதைத் தட்டச்சில் தாருங்கள். எந்த நாட்டு நேரம் என்பதை மறக்காதீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 6 மணி என்றால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 8.30. லண்டனில் குளிர்காலத்தில் பகல் 12.30, கோடையில் 1.30. டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை 7.30, கோடையில் 8.30. ‘மாலை 6 மணி’ என்று மட்டும் போட்ட அறிவிப்பால் கூட்டம் முடிந்த பிறகு வந்து இணைந்த நண்பர் எனக்கு உண்டு.

கூட்டத்துக்குப் போகும் முன் அந்த நூலில் பத்துப் பக்கமாவது படித்துவிடுங்கள். ஒலிவாங்கியை அணைத்து வையுங்கள். வீட்டில் நடக்கும் பேச்சு முழுவதையும் ஐம்பது பேர் கேட்பது இலக்கியத்தில் சேராது. கேள்வி நேரத்தில் கேள்வியை முன்னாலேயே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அரை நிமிடத்துக்குள் கேட்டு முடிக்கும் அளவுக்கு. ‘கேள்வி கேட்பதற்கு முன் ஒரு சிறிய முன்னுரை’ என்று தொடங்குபவர்களுக்குப் பத்து நிமிடம் கழித்தும் கேள்வி வருவதில்லை. ‘உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது?’ என்ற கேள்வியை எழுத்தாளர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள். ‘மூன்றாம் கதையில் தாய்க்குப் பெயரே இல்லையே, ஏன்?’ என்று கேட்டால் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

வர முடியாதவர்களுக்காகக் குழுவில் குறிப்பு எழுதுவது புதியவருக்குக் கிடைக்கும் நல்ல பயிற்சி. பேசியவர் சொன்ன சொல் அப்படியே உங்களிடம் இருந்தால் மட்டும் மேற்கோள் குறி போடுங்கள். நினைவிலிருந்து எழுதுவதை ‘என்ற பொருளில் சொன்னார்’ என்று எழுதுங்கள். எழுத்தாளர் சொல்லாத ஒன்று அவர் பெயரில் சுற்றத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். திரையைப் படம் பிடிப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். கூட்டம் முழுவதையும் எழுத முயலாமல், நீங்கள் விழித்துக்கொண்ட இரண்டு இடங்களை மட்டும் எழுதினால் குறிப்பு படிக்கப்படும்.

பேச்சு ஓய்ந்துபோனால்

எந்தக் குழுவும் சில மாதத்தில் சற்று அடங்கும். வாழ்த்துகளும் முன்னனுப்புச் செய்திகளும் இலக்கியத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அப்போது ‘ஏன் யாரும் பேசுவதில்லை?’ என்று கேட்காதீர்கள். அதற்கும் யாரும் பேச மாட்டார்கள். பழைய பேச்சு ஒன்றைத் தேடி எடுத்துப் பதிலாகத் தொடருங்கள்: ‘மார்ச் மாதம் இந்தக் கதையின் கடைசிப் பத்தி பற்றிப் பேசினோம். நேற்று மறுபடி படித்தேன். அப்போது சொன்னது தவறு என்று தோன்றுகிறது.’ இப்படி எழுதிவிட்டு, எந்த வாக்கியம் உங்கள் மனத்தை மாற்றியது என்பதை அதற்குக் கீழே இடுங்கள். அன்று உங்களை மறுத்தவர் எப்படியும் விழித்துக்கொள்வார்.